ஓட்டத்துக்கு ஒரு சிறுகதை: ‘தி நியூ யார்க்கர் ஃபிக்‌ஷன்’ பாட்காஸ்ட்

ஓடும்போது காதில் எதையாவது ஒலிக்கவிடுகிறவர்களில் பெரும்பாலோர் இசையைத்தான் நாடுகிறார்கள். அதற்கு அடுத்தபடியாகச் செய்தி, நேர்காணல், கிரிக்கெட் அலசல் என்று பேச்சு நிகழ்ச்சிகள் வருகின்றன. சிறுகதையைக் கேட்டுக்கொண்டு ஓடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், மூச்சு வாங்கும் நேரத்தில் கதையில் மனம் எப்படி நிற்கும் என்ற கேள்வி உடனே எழுகிறது. நியாயமான கேள்விதான், எல்லாக் கதைகளுக்கும் எல்லா ஓட்டங்களுக்கும் பொருந்தக்கூடிய ஒரே பதில் அதற்குக் கிடையாது. அமெரிக்காவின் ‘தி நியூ யார்க்கர்’ இதழ் நடத்தும் சிறுகதைப் பாட்காஸ்ட்டை அதிகாலை ஓட்டங்களில் தொடர்ந்து கேட்டு வருகிறவன் என்ற முறையில், அந்நிகழ்ச்சியை ஓடுகிறவரின் காதைக் கொண்டு மதிப்பிடுவதே இங்கு என் நோக்கம். சாய்வு நாற்காலியில் அமர்ந்து கேட்பவருக்கு இதே நிகழ்ச்சி வேறு விதமாகத் தோன்றலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெதுவான, நீண்ட ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கிய நிகழ்ச்சி ஆங்கிலத்தில் எனக்கு அமையவில்லை, வேகப் பயிற்சிக்கு இது சிறிதும் உதவாது.

2007ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய இந்நிகழ்ச்சி மாதம் ஒன்றாக வெளிவருகிறது. இதை நடத்துபவர் டெபரா ட்ரீஸ்மன்; 2003 முதல் அவ்விதழின் புனைகதைப் பகுதிக்கு ஆசிரியராக இருப்பவர். ஒவ்வொரு மாதமும் ஓர் எழுத்தாளர் விருந்தினராக வருகிறார். வருகிறவர் தம்முடைய கதையை வாசிக்கக் கூடாது என்பதுதான் நிகழ்ச்சியின் அடிப்படை. 1925இல் தொடங்கப்பட்ட அவ்விதழின் பழைய பக்கங்களிலிருந்து வேறொருவர் எழுதிய கதையைத் தேர்ந்தெடுத்து, சுருக்காமல், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிக்கிறார். வாசிப்புக்கு முன் சில நிமிடங்கள், அந்தக் கதையை ஏன் தேர்ந்தெடுத்தார் என்ற பேச்சு. வாசிப்புக்குப் பின் கதையைப் பற்றிய விரிவான உரையாடல். முதல் நிகழ்ச்சியில் அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் ஃபோர்ட், மூத்த அமெரிக்கச் சிறுகதையாளர் ஜான் சீவரின் ‘ரீயூனியன்’ என்ற கதையை வாசித்தார். அன்று வகுத்த முறை இன்றுவரை ஏறக்குறைய அப்படியே நீடிக்கிறது.

இந்த மூன்று பகுதிகளும் ஓட்டத்தின் மூன்று பகுதிகளோடு தற்செயலாக ஒத்துப்போகின்றன. முன்னுரைப் பேச்சு, உடலைச் சூடாக்கிக்கொள்ள நடக்கும் நேரத்துக்குப் போதுமானது. கதை தொடங்கும்போது ஓட்டமும் தொடங்கும். கதை முடிந்து உரையாடல் வரும்போது, வேகத்தைக் குறைத்து நடைக்குத் திரும்பலாம், அல்லது மீதமுள்ள தூரத்தை ஓடியபடியே அவர்கள் பேசுவதைக் கேட்கலாம். கதையின் நீளத்தை ஓட்டத்தின் நீளமாக மாற்றுவதும் எளிது. ஆங்கிலத்தில் ஒலிப்புத்தகம் வாசிப்பவர்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 160 சொற்கள் வரை வாசிப்பது வழக்கம். அந்தக் கணக்கில் 5,000 சொற்கள் கொண்ட கதை அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற வேகத்தில் ஓடுகிறவர் அதற்குள் நாலரை கிலோமீட்டரைக் கடந்திருப்பார். 8,000 சொற்கள் என்றால் ஏழு கிலோமீட்டருக்கு மேல் போகும். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தூரத்தை எண்ணும் வழக்கம், கதைக்கு ஓடத் தொடங்கிய பிறகு எனக்குப் பெருமளவு குறைந்தது. ஒரு கதை முடியும்வரை ஓடுவது என்பது, ஐந்து கிலோமீட்டர் முடியும்வரை ஓடுவதைவிடச் சுலபமாகத் தோன்றுகிறது.

ஓடுகிறவருக்கு இந்நிகழ்ச்சி பொருந்துவதற்கு முக்கியமான காரணம் வாசிப்பின் தன்மை. இங்கே வாசிப்பவர்கள் எழுத்தாளர்கள், நடிகர்கள் இல்லை. பாத்திரத்துக்கு ஒரு குரல் என்று மாற்றிப் பேசுவதோ, அழுகைக் காட்சியில் தொண்டை கம்முவதோ, பின்னணியில் இசை எழும்புவதோ கிடையாது. சிலர் தட்டையாக, ஏறக்குறைய உணர்ச்சியில்லாமல் வாசிக்கிறார்கள். உட்கார்ந்து கேட்பவருக்கு இது குறையாகப் படலாம். ஓடுகிறவருக்கோ இதுவே நிறை. ஓடும் உடலில் ஏற்கெனவே இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருக்கிறது, மூச்சு ஓசையோடு வந்து போகிறது. அந்த நிலையில் வெளியிலிருந்து இன்னொருவர் உணர்ச்சியை ஏற்றினால் அது அளவை மீறிவிடுகிறது. அடக்கமான ஒரு குரல் வாக்கியத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்போது, அந்த வாக்கியத்துக்கு வேண்டிய உணர்ச்சியைக் கேட்பவர் தாமே சேர்த்துக்கொள்கிறார். சக எழுத்தாளரின் வாக்கியத்தை வாசிக்கும் எழுத்தாளர், எந்தச் சொல்லில் சற்றுத் தயங்க வேண்டும் என்பதைத் தொழில் வழியாக அறிந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர் எதிரான முறைக்கு எடுத்துக்காட்டு, நியூ யார்க் நகரின் சிம்ஃபனி ஸ்பேஸ் அரங்கில் 1985இல் தொடங்கிய ‘செலக்டட் ஷார்ட்ஸ்’ நிகழ்ச்சி. அங்கே தேர்ந்த மேடை நடிகர்களும் திரை நடிகர்களும் பார்வையாளர்கள் முன்னிலையில் கதைகளை வாசிக்கிறார்கள். நடிப்புத் தரத்தில் அதற்கு ஈடு சொல்வது கடினம். நகைச்சுவைக் கதைகள் அங்கே தனிப் பொலிவு பெறுகின்றன. ஆனால் அரங்கின் சிரிப்பு, எந்த வரி சிரிக்க வேண்டிய வரி என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. தனியாக ஓடுவதில் உள்ள தனிமையைக் குலைக்கும் அந்தக் கூட்டத்தை நான் விரும்பவில்லை. சமையல் செய்யும்போதும் பேருந்துப் பயணத்திலும் அதையே கேட்கிறேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஓடிக்கொண்டே கேட்பதற்கென்றே எழுதியது போன்ற கதை ஒன்று இந்தத் தொகுப்பில் இருக்கிறது. சீவர் எழுதி 1964 ஜூலையில் வெளியான ‘தி ஸ்விம்மர்’ கதையை அயர்லாந்து எழுத்தாளர் ஆன் என்ரைட் வாசிக்கிறார். கோடைக்கால ஞாயிறு ஒன்றில், நண்பர் வீட்டு நீச்சல் குளத்தின் அருகே அமர்ந்திருக்கும் நெட் மெரில் என்பவனுக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. எட்டு மைல் தெற்கே இருக்கும் தன் வீட்டுக்கு, வழியிலுள்ள அண்டை வீட்டார் நீச்சல் குளங்களின் வழியாகவே நீந்திச் செல்லலாம் என்பதுதான் அது. குளங்களின் அந்த வரிசையை ஓர் ஆறாகக் கற்பனை செய்து, அதற்குத் தன் மனைவியின் பெயரையும் இட்டு அவன் புறப்படுகிறான். முதல் பாதியில் உடலின் உற்சாகம் கதையை இழுத்துச் செல்கிறது. பிறகு ஒரு புயல் மழை வந்து போகிறது. மரத்தின் இலைகள் கோடையில் இருக்கக் கூடாத நிறத்தில் இருக்கின்றன. வழியில் சந்திப்பவர்கள் அவனுக்கு நேர்ந்ததாகச் சொல்லும் துயரங்கள் எதுவும் அவன் நினைவில் இல்லை. கைகால்கள் தளர்கின்றன. ஒரு பிற்பகலில் நடப்பதாகத் தொடங்கிய கதைக்குள் எவ்வளவு காலம் கழிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.

அச்சில் படித்தபோது இக்கதையின் உருவக அமைப்பைத்தான் நான் பெரிதாகக் கவனித்தேன்: செல்வச் செழிப்பான புறநகர் வாழ்க்கை, குடி, வீழ்ச்சி ஆகியவை. ஓடியபடி கேட்டபோது முன்னுக்கு வந்தது களைப்பு. நெட் மெரில் ஒரு குளத்திலிருந்து கையூன்றி எழ முடியாமல் ஏணியைத் தேடும் இடம், நம் தொடைகளும் கனக்கத் தொடங்கிய நேரத்தில் வந்தால், அது உருவகமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. புறப்பட்டபோது இருந்த உடலும் திரும்பும்போது இருக்கும் உடலும் வேறு வேறு என்பது ஓடுகிறவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தி இல்லை. அந்த அறிவைக் கொண்டு சீவரின் கதைக்குள் நுழையும்போது, விமர்சனக் கட்டுரைகள் தராத ஒரு திறவுகோல் கிடைத்துவிடுகிறது. என்ரைட்டின் வாசிப்பு அவசரமில்லாதது; அவருடைய ஐரிஷ் உச்சரிப்பு சீவரின் அமெரிக்கப் புறநகருக்குப் பொருந்துமா என்ற ஐயம் ஓரிரு நிமிடங்களில் மறைந்துவிடுகிறது.

கேட்பதில் கிடைக்கும் இன்னொன்று, கதை எங்கே முடியும் என்பது தெரியாமை. அச்சில் படிக்கும்போது பக்கம் எவ்வளவு மீதமிருக்கிறது என்பதைக் கண் அறிந்தே இருக்கிறது. முடிவு நெருங்குகிறது என்ற எச்சரிக்கையோடுதான் கடைசிப் பத்திக்குள் போகிறோம். கைபேசியை இடுப்புப் பையில் போட்டுவிட்டு ஓடுகிறவருக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. கதைக்குப் பின் உரையாடல் எவ்வளவு நேரம் நீளும் என்பதும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறுவதால், மொத்த நேரத்தைத் தெரிந்து வைத்திருந்தாலும் பயனில்லை. 1948இல் வெளியான நபோகோவின் ‘சிம்பல்ஸ் அண்ட் சைன்ஸ்’ கதையை மேரி கெய்ட்ஸ்கில் வாசிக்கும் நிகழ்ச்சியில் இதன் முழு விளைவையும் உணரலாம். மனநலக் காப்பகத்தில் இருக்கும் மகனைப் பிறந்தநாளன்று பார்க்கப் போய், பார்க்க முடியாமல் திரும்பும் வயதான பெற்றோரின் கதை அது. நள்ளிரவுக்குப் பின் வீட்டுத் தொலைபேசி தவறான எண்ணில் ஒலிக்கிறது, மீண்டும் ஒலிக்கிறது, மூன்றாம் முறை ஒலிக்கும்போது கதை நின்றுவிடுகிறது. அழைத்தது யார் என்று நபோகோவ் சொல்வதில்லை. அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருக்கும் காதில் ட்ரீஸ்மனின் குரல் வந்து விழும்போதுதான் கதை முடிந்தது என்பதே தெரிகிறது. அந்த ஒரு நொடித் திகைப்பை அச்சுப் பக்கம் எனக்குத் தந்ததில்லை.

எல்லாக் கதைகளும் இப்படிப் பொருந்திவிடுவதில்லை. பாத்திரங்கள் பலர் தொடக்கத்திலேயே ஒன்றாக அறிமுகமாகும் கதைகளும், முப்பது ஆண்டுகள் முன்னும் பின்னும் தாவும் கதைகளும் ஓட்டத்தில் சிதறிப்போகின்றன. கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோவின் கதைகளை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அவருடைய கதைகளில் காலம் ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் இடையே சத்தமில்லாமல் நழுவுகிறது. முந்தைய பக்கத்துக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளும் வாசகரை நம்பி எழுதப்பட்டவை அவை. ஓடுகிறவர் திரும்பிப் போக முடியாது. பொத்தானை அழுத்திப் பதினைந்து நொடி பின்னால் செல்லலாம் என்றாலும், வியர்த்த கையால் அதைச் செய்வதற்குள் ஓட்டத்தின் தாளமும் கதையின் தாளமும் சேர்ந்தே கெட்டுவிடும். எனவே மன்றோவை வீட்டில் வைத்துக்கொண்டு, ஒரே குரலில், ஒரே காலத்தில், நேர்கோட்டில் நகரும் கதைகளைச் சாலைக்கு எடுத்துச் செல்வது நல்லது. தன்மையில் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் தவறுவதில்லை.

விதிவிலக்குகளும் உண்டு. டொனால்டு பார்த்தெல்மியின் ‘கன்சர்னிங் த பாடிகார்டு’ கதையைச் சல்மான் ருஷ்டி வாசிக்கிறார். மெய்க்காவலன் ஒருவனைப் பற்றிய அக்கதை ஏறக்குறைய முழுவதும் கேள்வி வாக்கியங்களால் ஆனது. தாளில் இது ஒரு சோதனை முயற்சி என்ற எண்ணமே மேலோங்கும். ருஷ்டியின் குரலில் கேள்விக்கு மேல் கேள்வியாக வந்து விழும்போது, காலடிகள் தாமாகவே அந்த அடுக்குக்கு இசைந்துகொள்கின்றன. மிராண்டா ஜூலையின் ‘ராய் ஸ்பைவி’ கதையை டேவிட் செடாரிஸ் வாசிப்பதும் அப்படித்தான், ஒரு எச்சரிக்கையோடு: ஓடும்போது சிரிப்பது மூச்சுக்கு நல்லதில்லை, எதிரே வருகிற நடைப்பயிற்சிக்காரர்கள் பார்க்கும் பார்வையும் நன்றாக இருப்பதில்லை.

ஓட்டத்தின் வேகம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சியாளர்கள் பரிந்துரைக்கும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு: பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிந்தால் அது எளிதான வேகம். பேச முடிகிற வேகத்தில்தான் கதையைக் கேட்கவும் முடிகிறது. அதைத் தாண்டி, ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொல்ல வேண்டிய நிலை வந்ததும், காதில் விழும் சொற்கள் பொருளாக மாறுவது குறைகிறது. ஐந்து நிமிடம் கழித்து, இந்தப் பெண் யார், எப்போது வந்தாள் என்று விழிக்க நேரிடும். நானூறு மீட்டர் வேக ஓட்டங்கள், மேம்பாலத்தில் ஏறி இறங்கும் பயிற்சி, பந்தய வேகத்தில் ஓடும் நாள் ஆகியவற்றில் கதையைக் கலப்பது இரண்டுக்கும் கேடு. கடும் புழுக்கமுள்ள நாளில் எளிதான வேகம்கூட அரை மணி நேரத்துக்குப் பின் எளிதாக இருப்பதில்லை என்பதால், சென்னை போன்ற கடற்கரை நகரத்தில் ஓடுகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் குறுங்கதைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இதன் மறுபக்கமும் உண்மை: எளிதான ஓட்டத்தை எளிதாகவே வைத்திருக்கத் தெரியாமல் அவசரப்படுகிறவர்களுக்குக் கதை ஒரு கடிவாளம். வேகம் கூடினால் கதை நழுவும். கதையை மீட்க வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

செயலியில் ஒலி வேகத்தை ஒன்றேகால், ஒன்றரை மடங்காக்கிக் கேட்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. செய்தி நிகழ்ச்சிக்கு அது சரி. சிறுகதையில் நிறுத்தமும் எழுத்தின் பகுதிதான் என்பதால், இங்கே அதைச் செய்ய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கதைக்குப் பின் வரும் உரையாடலைப் பற்றி எனக்கு இரண்டு மனம் இருக்கிறது. ட்ரீஸ்மன் நல்ல கேள்வியாளர். இதழாசிரியராக வாக்கியங்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவர் என்பதால், கதையின் கருத்து என்ன என்று பொதுவாகக் கேட்காமல், இந்த இடத்தில் ஆசிரியர் ஏன் இந்தச் செய்தியைத் தள்ளிவைக்கிறார், இந்தப் பாத்திரம் பொய் சொல்கிறதா என்பது போன்ற நுணுக்கமான இடங்களுக்கு நேராகப் போகிறார். அவர் அதிகம் பேசுவதில்லை. விருந்தினர் சுற்றி வளைத்தால் மென்மையாகக் கதைக்குள் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறார். ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில், கேட்ட கதை இன்னும் சூடாக இருக்கும்போதே, இருவர் அதைப் பிரித்துப் பார்ப்பதைக் கேட்பது, படித்த கதையைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காதவர்களுக்குப் பெரிய கொடை. நாம் ஓடும்போது கவனிக்காமல் விட்ட ஒரு விவரம் அவர்கள் பேச்சில் எழுந்து வந்து கதையின் பொருளையே மாற்றுவதும் உண்டு.

ஆனால் இந்த உரையாடலில் எதிர்ப்பேச்சு இல்லை. விருந்தினர் தாம் விரும்பும் கதையைத்தான் கொண்டுவருகிறார். நடத்துபவரோ அந்தக் கதையை வெளியிட்ட இதழின் புனைகதைப் பகுதி ஆசிரியர். கதை எங்கே தவறுகிறது, அறுபது ஆண்டுகளுக்குப் பின் எந்தப் பகுதி பழையதாகிவிட்டது என்ற கேள்விகள் எழுவது குறைவு. எழுந்தாலும் நாகரிகமாகத் தணிந்துவிடுகின்றன. நம்மூர் இலக்கியக் கூட்டங்களின் காரசாரத்துக்குப் பழகியவர்களுக்கு இந்தப் பணிவு சில நேரம் அலுப்பூட்டும். ஒரே இதழில் வெளியான கதைகள் மட்டுமே என்ற எல்லையும் இருக்கிறது. அர்ஜென்டினாவின் போர்ஹெஸ், ரஷ்ய மொழியில் எழுதிய பாபேல் போன்றோர் மொழிபெயர்ப்பின் வழியே வருகிறார்கள் என்றாலும், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைகளில்தான் நாம் அதிகம் உலவ வேண்டியிருக்கிறது. தொடர்ந்து கேட்கும்போது வேறு மண், வேறு வெயில் வேண்டும் என்று தோன்றத்தான் செய்கிறது.

நடைமுறைச் செய்திகள் சில. பாட்காஸ்ட் செயலிகளில் இந்நிகழ்ச்சியை இலவசமாகக் கேட்கலாம், விளம்பரங்கள் இருக்கும். தலைப்புகள் பெரும்பாலும் ‘இன்னார் இன்னாரை வாசிக்கிறார்’ என்ற வடிவில் இருப்பதால், கதையின் பெயரை அறியக் குறிப்பைத் திறந்து பார்க்க வேண்டும். செயலி காட்டும் நேரம் கதையும் உரையாடலும் சேர்ந்தது. கதைக்கு மட்டும் எவ்வளவு நேரம் என்பது தனியாகக் கிடைக்காது என்பதால், தூரத்தைத் திட்டமிடுகிறவர்கள் சற்றுக் கூடுதலாகவே ஓட நேரலாம். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது; கதையின் நடுவே இணையம் தடுமாறுவதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை.

கருவி விஷயத்தில், காதைத் திறந்தே வைத்து, கன்ன எலும்பின் அதிர்வு மூலம் ஒலியைக் கடத்தும் வகை இயர்போன்களைப் பரிந்துரைக்கிறேன். இசைக்கு அவை சுமார்தான். தாழ்ந்த ஒலிகள் மெலிந்து கேட்கும். பேச்சுக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை, பின்னால் வரும் இருசக்கர வண்டியின் ஓசையும் காதில் விழும். ஆனால் வாகனங்கள் நிறைந்த சாலையில் இவற்றைக் கொண்டு கதை கேட்க முடியாது. பேருந்தின் இரைச்சல் மெய்யெழுத்துகளை விழுங்கிவிடும். ஒலியைக் கூட்டிக் கேட்கத் தொடங்கினால் செவிக்குத்தான் ஆபத்து. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதே பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் காட்டும் பாதுகாப்பான எல்லை. ஒலி அளவு ஏற ஏற அந்த நேரம் வேகமாகச் சுருங்கிவிடும். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை, விடியற்காலை மெரினா, பூங்காக்கள், கல்லூரி மைதானங்கள் போன்ற இடங்களே கதைக்கு ஏற்றவை.

தமிழில் கேட்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வேறு வகை இன்பங்கள் காத்திருக்கின்றன. தீபிகா அருணின் ‘கதை ஓசை’ பாட்காஸ்ட்டில் கல்கியின் நாவல்கள் உள்ளிட்ட படைப்புகள் முழுமையாக வாசிக்கப்படுகின்றன. 1950களின் முற்பகுதியில் வார இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ போன்ற நாவலின் அத்தியாயங்கள், அடுத்த வாரம் வரை வாசகரைத் தவிக்கவிடும் நோக்கில் முடிவு வைத்து எழுதப்பட்டவை. அதே உத்தி, மறுநாள் காலை நம்மைப் படுக்கையிலிருந்து எழுப்பவும் உதவுகிறது. திருவண்ணாமலையின் பவா செல்லதுரை செய்வது வாசிப்பு இல்லை, கதைசொல்லல். எழுத்தாளரின் கதையை உள்வாங்கித் தம் பேச்சு மொழியில், கூட்டத்தின் முன் சொல்கிறார். ஓட்டத்தில் பின்தொடர மிகச் சுலபமானது அதுவே. ஒரு நிமிடம் கவனம் தவறினாலும் கதை நம்மைக் கைவிடுவதில்லை. ஆனால் மூல ஆசிரியரின் வாக்கியம் அங்கே இருக்காது. ஒரு தமிழ் எழுத்தாளர், தமக்குப் பிடித்த மூத்தவர் ஒருவரின் சிறுகதையை அப்படியே வாசித்து, பிறகு ஓர் இதழாசிரியரோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசும் மாத நிகழ்ச்சி அமைந்தால், காலையில் ஓடுகிறவர்கள் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். வாசிக்கத் தகுந்த கதைகளுக்கு இங்கே என்ன பஞ்சம்?

காப்புரிமைக் காலம் கடந்த பழைய படைப்புகளைத் தன்னார்வலர்கள் வாசித்துத் தரும் ‘லிப்ரிவாக்ஸ்’ 2005 முதல் இயங்குகிறது, முற்றிலும் இலவசம். வாசிப்பின் தரம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே நாவலின் அத்தியாயங்களைப் பலர் பகிர்ந்து வாசிப்பதும் உண்டு. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அதே அறிவிப்பு திரும்பத் திரும்ப வருவதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், நீண்ட நாவலோடு மாதக்கணக்கில் ஓட நினைப்பவருக்கு அது நல்ல களஞ்சியம். ட்ரீஸ்மனின் இதழே நடத்தும் ‘தி ரைட்டர்ஸ் வாய்ஸ்’ நிகழ்ச்சியில், புதிய கதையை அதன் ஆசிரியரே வாசிக்கிறார். அதில் உரையாடல் இல்லை. கதை நின்றதும் மௌனம்தான். எனக்கு அது பாதி உணவாகப் படுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர் முதல் நிகழ்ச்சியிலிருந்தே தொடங்கலாம். ‘ரீயூனியன்’ மிகச் சிறிய கதை. இரண்டு ரயில்களுக்கு இடைப்பட்ட ஒன்றரை மணி நேரத்தில் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் தந்தையைச் சந்திக்கும் மகன் சொல்வது. வாசிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது என்பதால், காது பழகுகிறதா என்று பார்க்க ஏற்றது. அடுத்து டோபியாஸ் வுல்ஃபின் ‘புல்லட் இன் த பிரெய்ன்’, டி. சி. பாயில் வாசிப்பது. வங்கிக் கொள்ளையின் நடுவே சிக்கிக்கொள்ளும் புத்தக விமர்சகன் ஒருவனின் கதையான அது, கண நேரத்தைப் பக்கங்களாக விரிக்கும் இடத்தில் கால்கள் ஓடுவதே மறந்துபோகும். அதன் பிறகு ‘தி ஸ்விம்மர்’. அதற்குக் குறைந்தது ஒரு மணி நேர ஓட்டத்தை ஒதுக்குங்கள். இன்னொன்றும் இருக்கிறது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் 1963 ஜூன் 12 அன்று கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஊரில் வாழ்ந்த யூடோரா வெல்டி, கொலைகாரனின் மனக்குரலாகவே எழுதிய கதை ஜூலை 6 தேதியிட்ட இதழில் வெளிவந்தது. ஜாய்ஸ் கேரல் ஓட்ஸ் அதை வாசிக்கிறார். இரவில் ஒருவன் வீட்டு முன் ஒளிந்து காத்திருப்பவனின் நினைவுகள், தன்மையில், நம் காதுக்குள்ளேயே ஒலிக்கும். அந்த நிகழ்ச்சியை மட்டும் நன்றாக விடிந்த பிறகு ஓடுகிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.